கார் ஷெட்டில் கார் நிற்க ஒரு வழி

கேள்வி: மதுரை ஆனையூரில் சொந்த வீடு. கட்டும்போதே 10 அடி அகலம், 17 அடி நீளத்தில் கார் ஷெட் விட்டோம். இன்று அதில் காரைத் தவிர எல்லாம் இருக்கிறது. மாமியார் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள், கொழுந்தனார் லேத் பட்டறையை மூடியபோது கொண்டுவந்து இறக்கிய சாமான்கள், வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸ், பெயின்ட், சிமென்ட், பழைய டயர்கள், மகனின் புத்தக மூட்டைகள், உபரி கேஸ் சிலிண்டர். கார் தெருவில் வெயிலில் நிற்கிறது. போன மாதம் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எதை எடுத்தாலும் அத்தை, "அது இருக்கட்டும்மா" என்கிறார். மாடியில் ஒரு ரூம் போட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஷெட்டில் இருக்கும் பொருள்களில் பாதிக்கு மேல் உங்களுடையதே இல்லை. அத்தையுடையது, கொழுந்தனாருடையது, மகனுடையது. அடுத்தவர் பொருளை நீங்கள் எப்படித் தூக்கிப் போட முடியும்? அதனால்தான் ஒவ்வொரு முறையும் கை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறீர்கள். எனவே ராக் வாங்கப் போகுமுன், யாருடைய பொருளோ அவரிடமே ஒரு பதில் வாங்குங்கள். இந்த வேலையில் கடினமான பகுதி அதுதான். ஆணி அடிப்பதும் அடுக்குவதும் இரண்டாவது.

அத்தையிலிருந்தே தொடங்குங்கள். "இதெல்லாம் வேணுமா, வேண்டாமா?" என்று மொத்தமாகக் கேட்டால் "இருக்கட்டும்" என்றுதான் பதில் வரும். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நாள் காலை வெயில் ஏறுமுன் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அவர் கையில் கொடுங்கள். அண்டாவின் விளிம்பில், குண்டானின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். அது அவர் அம்மா பெயராக இருக்கலாம், காதுகுத்துக்கு வந்த சீராக இருக்கலாம். அதைத் தடவிப் பார்த்துச் சொல்வதற்கு அவருக்கு நேரம் கொடுங்கள். சொல்லி முடித்தபின் அவரே, "இந்த ரெண்டு தவலையும் வச்சுக்க, அதைப் பெரியவளுக்குக் குடு, ஓட்டைக் கொப்பரையைப் போட்டுரு" என்று பிரித்துவிடுவார். பெயர் வெட்டிய பாத்திரத்தை அவரைக் கேட்காமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த வருத்தம் வீட்டில் பல வருஷம் நிற்கும்.

வைத்துக்கொள்ளும் பித்தளைக்கு ஷெட் சரியான இடம் இல்லை. புளி போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, பெரியதற்குள் சிறியதாக அடுக்கி வீட்டுக்குள் பரணில் ஏற்றுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாத்திரம் பச்சை பூக்கும்.

கொழுந்தனாரிடம் பேச வேண்டியது உங்கள் கணவர். நீங்கள் பேசினால் அது வேறு மாதிரி போய்ச் சேரும். "மறுபடி பட்டறை போடப் போறியா?" என்று நேராகக் கேட்கட்டும். போடுவதாக இருந்தால், எப்போது எடுத்துக்கொள்வது என்று ஒரு தேதி வேண்டும். இல்லையென்றால் லேத் சாமான்கள் துருப்பிடித்து வீணாவதற்குள், தொழிலில் இருக்கும் யாருக்காவது விற்பதுதான் நியாயம். ஒரு நல்ல வைஸ், டிரில் பிட்கள், ஸ்பேனர் செட், மைக்ரோமீட்டர் எல்லாம் பட்டறைக்காரர் கையில் பொருளாக விலைபோகும். காயலான் கடையில் அதே பொருள் வெறும் இரும்பு எடைதான்.

எடைக்குப் போட வேண்டியதைப் போடும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், பித்தளை, செம்பு, அலுமினியத்தில் ஒட்டாது. தனித்தனியாகப் பிரித்து வீட்டிலேயே எடை பார்த்துவிட்டுக் கொடுங்கள். எரிந்துபோன பழைய மோட்டாருக்குள் செம்புக் கம்பி இருக்கும், அதைத் தனியாகச் சொல்லி விலை பேசுங்கள். பழைய இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் காயலான் கடைக்குக் கொடுக்க வேண்டாம். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இனி, எதற்கும் காத்திருக்காமல் நாளைக்கே வெளியே எடுக்க வேண்டியவை சில இருக்கின்றன. முதலில் அந்த உபரி சிலிண்டர். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் படிந்து நிற்கும். மூடிய ஷெட், பக்கத்தில் கார், அதை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பொறி. நினைக்கவே பயமாக இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி, மூடி போட்டு வையுங்கள். தின்னர், டர்பன்டைன், கேனில் மிச்சம் வைத்த பெட்ரோல் இவற்றுக்கும் ஷெட்டில் இடம் கிடையாது.

அடுத்து டயர்கள். பழைய டயருக்குள் தேங்கும் ஒரு டம்ளர் மழைத் தண்ணீர் போதும், டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். "ஸ்டெப்னிக்கு ஆகும்" என்று வைத்திருந்தால் டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். DOT (டாட்) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். தரையில் படும் பட்டன் தேயாமல் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் அவ்வளவு பழைய ரப்பரை நம்பி ஓட்டக் கூடாது. போகி வரை வைத்திருந்து எரிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். டயர் புகை உங்கள் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். டயர் கடையிலோ பழைய ரப்பர் எடுப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

சிமென்ட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மூன்று மாதம் தாண்டினாலே பலம் குறையும். உங்களுடையது எப்போதோ கல்லாகியிருக்கும். டைல்ஸில் ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தேவைப்படுபவருக்குக் கொடுங்கள். ஐந்தாறு வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. பெயின்ட் டப்பாக்களின் நிறக் குறியீட்டை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, திரிந்து நாற்றம் அடிப்பதையும் கட்டியானதையும் கழித்துவிடுங்கள்.

இவ்வளவும் ஆனபின் டேப்பை எடுங்கள். 4 மீட்டருக்குள் இருக்கும் சிறிய கார் என்றால் நீளம் சுமார் 13 அடி, அகலம் ஐந்தே முக்கால் அடிக்குள். உங்கள் ஷெட் 17 அடி. கேட் பக்கம் ஓர் அடி விட்டாலும் பின்சுவர் அருகே 3 அடி கிடைக்கிறது. அகலத்தில் நாலேகால் அடி மிச்சம். காரை முன்பக்கமாகவே உள்ளே விடுவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஓட்டுபவர் இறங்குவது வலப்பக்கம், எனவே அங்கே இரண்டரை அடியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ஒரு துடைப்பக்கட்டைகூட அங்கே சாய்த்து வைக்கக் கூடாது. இடப்பக்கம் ஒன்றே முக்கால் அடி இருக்கும். அதில் 12 அங்குல ராக் போட்டு, இடப்பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டால் கார் உரசாமல் போகும். மற்றவர்கள் வாசலிலேயே இறங்கிக்கொள்ளட்டும். ரிவர்ஸில் விடும் பழக்கம் இருந்தால் இதெல்லாம் பக்கம் மாறும். அதனால் அதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஷெட் தரையில் காரின் அளவுக்குச் சாக்பீஸால் பெரிய கட்டம் போட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும், அந்தக் கட்டத்துக்குள் இனி ஒரு பொருளும் வராது என்று.

ராக் என்று நான் சொல்வது கடைகளில் பார்க்கும் ஆங்கிள் ராக். வரிசையாக ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் தகட்டுத் தட்டுகளை நட்டு போல்ட் வைத்து முடுக்குவது. தட்டை எந்த உயரத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பலசரக்குக் கடையோ ஜவுளிக்கடையோ மூடும்போது பழைய ராக்குகள் நல்ல நிலையில் விலைக்கு வரும். அதுவே போதும், புதிது அவசியமில்லை. வாங்கும்போது கேஜ், அதாவது தகட்டின் கனத்தைச் சொல்லும் எண், கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு கனம்; 18 கேஜ் தட்டு 22 கேஜைவிடக் கெட்டி. மூலைத் தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா, தட்டு நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மேல்பக்கத்தைச் சுவரோடு பாஸ்னர் போல்ட் போட்டுப் பிடித்துவிட வேண்டும். கனமான ராக் காரின் மேல் சாய்ந்தால் கதை வேறு.

அடித்தட்டு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். 2024 அக்டோபரில் கால் மணி நேரத்தில் கொட்டிய மழைக்கே செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவருக்கும் ராக்குக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கரையான் மண்கோடு இழுத்து ஏறினால் டார்ச் அடித்தவுடன் கண்ணில் படும். ஒட்டி வைத்தால் உள்ளே அரித்து முடித்த பிறகுதான் தெரியும். இதே காரணத்துக்காக அட்டைப் பெட்டிகளும் மரப் பெட்டிகளும் ஷெட்டில் வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதில் உங்களிடமே நல்ல பெட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகள். மூடி இறுக்கமானது, எலி நுழையாது, தண்ணீர் போகாது, பிடித்துத் தூக்கக் கைப்பிடியும் உண்டு. ஒன்றில் பிளம்பிங் சாமான், ஒன்றில் வயர், சுவிட்ச், ஒன்றில் கார் துடைக்கும் துணி, ஷாம்பு. வெளியே பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதுங்கள். மூடியின் மேல் எழுதாதீர்கள், ராக்கில் இருக்கும்போது தெரியாது. வயிற்றுப் பக்கம் எழுதுங்கள். காற்றோட்டம் தேவைப்படுவதற்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி வரும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் நன்றாக இருக்கும். கனமானது கீழ்த்தட்டில், அடிக்கடி எடுப்பது இடுப்பிலிருந்து கண் உயரம் வரை, வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பது மேலே.

பின்சுவரில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. காரின் பானட் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரம்தான். அதற்கு மேலே உள்ள இடம் காலி. நாலரை அடி உயரத்தில் இரும்பு பிராக்கெட் அடித்து இரண்டடி அகலத்துக்கு ஒரு நீளப் பலகை போட்டால், அதன் கீழே ஆள் குனிந்து போய் வரலாம், மேலே லேசான சாமான் எவ்வளவோ வைக்கலாம். ஷெட்டுக்கு மேலே ஷீட் போட்டிருந்தால் அதிலிருந்து எதையும் தொங்கவிடக் கூடாது. பாரம் தாங்காது, ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளைபோட்டுத் தூசி கிளப்புவதே கெடுதல். ஏணி, பைப், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் சுவரில் கொக்கி போட்டுப் படுக்கைவாக்கில் மாட்டுங்கள். சுத்தியல், ஸ்பேனர் போன்றவற்றுக்கு ஒரு பிளைவுட் பலகையில் ஆணி அடித்து, ஒவ்வொன்றின் வடிவத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்று பார்த்தவுடன் தெரியும்.

கிராமத்திலிருந்து வருஷத்து நெல்லோ அரிசியோ வந்தால் அதை ஷெட்டில் இறக்க வேண்டாம். அரிசிக்கு வரும் எலி காரின் வயரைக் கடிக்கும். அந்தச் செலவுக்கு ஒரு தகர டிரம் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மகனின் புத்தகங்களை மகனே பிரிக்கட்டும். கல்லூரியில் இருக்கும் ஜூனியர்களுக்கு அவை உடனே பயன்படும்.

மாடி ரூம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தை மாடி ஏற முடியாது, கொழுந்தனாரின் இரும்பை மேலே ஏற்றவும் பின்னால் இறக்கவும் ஆள் கூலி, மதுரை வெயிலில் மேல்தள அறைக்குள் பெயின்ட்டும் ரப்பரும் கெட்டுப்போகும். அதற்கெல்லாம் மேலாக, யாரும் எதையும் முடிவு செய்யாமல் அப்படியே ஏற்றினால் இரண்டு வருஷத்தில் கீழே மறுபடி சேர்ந்துவிடும். கட்டத்தான் வேண்டும் என்றால், ஷெட்டில் கார் நின்று ஒரு மழைக்காலம் போனபின், மிஞ்சிய சாமானைப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தெருவுக்கு இழுத்துப் போடாதீர்கள். மதியத்துக்குள் எல்லோரும் களைத்துவிடுவார்கள், சாயங்காலம் அள்ளி உள்ளே போடுவதுதான் நடக்கும். கேட் பக்கத்திலிருந்து ஒரு நேரத்துக்கு ஒரு மூலை என்று உள்நோக்கிப் போங்கள். கையுறையும் செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள், மூட்டையைத் தூக்குமுன் கம்பால் தட்டுங்கள், தேள் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடுகிற மாதிரி ஆவணியில் ஆரம்பியுங்கள். அத்தையை உட்கார வைத்துப் பாத்திரம் பார்க்கும் வேலையை மட்டும் இந்த ஞாயிறே வைத்துக்கொள்ளலாம்.