கட்டை கட்டாத கூத்து எதற்கு?

கேள்வி: 'அழகு சோறு போடுமா?' என்று கேட்டவர்கள் நம் முன்னோர். வேலூர்க் கோட்டைக் கோயில் மண்டபத்தில் அத்தனை சிற்பமும், கூத்துக்காரர் உடம்பில் அத்தனை மினுக்கும் எதற்கு? எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில், கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டாமல் எளிய உடையில் ஆடச் சொல்லலாமா? (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: சொல்லக் கூடாது. பெண் பார்க்கப் போகிறவர் முகவெட்டில் மயங்கிவிடக் கூடாது என்று பெரியவர்கள் செய்த எச்சரிக்கையைக் கலையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 'திருவாரூர்த் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு' என்று வாயாரச் சொன்னதும் அதே தமிழர்கள்தாம். அந்தத் திருவிரிஞ்சை, நீங்கள் வேலூருக்கு வரும் வழியில் உள்ள விரிஞ்சிபுரமே.

கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணமிட்டு, கண்ணாடிச் சில்லுகள் பதித்துச் செய்யப்படுபவை. தீவட்டி வெளிச்சத்தில் விடிய விடிய ஆடிய காலத்தில், வேஷக்காரர் சுழன்று ஆடும்போதெல்லாம் அந்தச் சில்லுகள் கிடைத்த சொற்ப வெளிச்சத்தை வாங்கிக் கடைசி வரிசைவரை வீசின. புஜக்கட்டை தோளை அகலமாக்கியது. திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி தெரிந்ததுமே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிவந்த முகத்தைக் கண்டதும் துரியோதனன் என்று குழந்தைகூடச் சொன்னது. இவற்றைக் கழற்றிவிட்டால் எளிமை வராது. அரசன் போய்விடுவான், நமக்குத் தெரிந்த பக்கத்துத் தெருக்காரர்தான் நிற்பார்.

கோட்டைக்குள், விஜயநகரக் காலத்து ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில், பாயும் யாளித் தூண்களோடு திரும்பிவிடாமல் விதானத்தையும் அண்ணாந்து பாருங்கள். நடுவிலுள்ள பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, அலகை அதன் பக்கம் நீட்டுகின்றன. சுவாமிக்குத் திருக்கல்யாணம் நடக்கும் பந்தலில் வாடாத தோரணம் வேண்டும் என்று சிற்பி எண்ணியிருக்கிறான் என்றே நான் கருதுகிறேன்.

வீண் அலங்காரம் என்று ஒன்று இல்லாமலில்லை. உளி பதிந்த நுணுக்கமெல்லாம் மூழ்கும்படி கற்சிற்பத்தின் மேல் எனாமல் பூசுவதும், அம்மன் முகம் தெரியாதபடி விளக்குச் சரங்களை எரியவிடுவதும் அந்த வகையைச் சேர்ந்தவை. கோபப்பட வேண்டியது அவற்றின் மீதுதான். உங்கள் திருவிழாக் குழுவினர், சீரியல் விளக்குக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைக் கூத்துக் குழுவினரிடம் கொடுக்கட்டும். சில்லு உதிர்ந்த கட்டைகளை அவர்கள் செப்பனிட்டுக்கொள்வார்கள்.