8 கறவை மாட்டுக்குக் கழுத்துப் பட்டை சென்சார் வாங்கலாமா?

உங்களிடம் 8 கலப்பின மாடு இருக்கிறது, பருவம் (மாடு சினை பிடிக்கத் தயாராகும் நேரம்) தவறிப்போய்க்கொண்டே இருக்கிறது, கண்காட்சியில் பார்த்த கழுத்துப் பட்டையை வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடுகளை நாள் முழுக்கக் கட்டி வைத்திருக்கிறீர்களா, அவிழ்த்து விட்டிருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. பதிலே அதில்தான் இருக்கிறது. கட்டுத்தறிதான் என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

போனைச் சாய்த்தால் திரையும் திரும்புகிறதே, அதற்கு உள்ளே இருக்கும் சென்சார் வகையேதான் அந்தப் பட்டையிலும் இருக்கிறது. அசைவை அளக்கும், அவ்வளவுதான். பருவத்துக்கு வந்த மாடு ஓரிடத்தில் நிற்காது, அங்கும் இங்கும் நடக்கும், பக்கத்து மாட்டின் மேல் தாவும், அசைபோடுவது குறையும். நடை ஏறி அசை இறங்கினால் ‘பருவம்’ என்று ஆப் சொல்லிவிடும். 1980-களில் இஸ்ரேலின் அஃபிகிம் என்ற கிபுட்சில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) காலில் கட்டும் கருவியாக வந்தபோதும் கணக்கு இதே நடைக் கணக்குதான், ஆனால் அங்கே மாடுகள் பெரிய திறந்த கொட்டகையில் கயிறே இல்லாமல் திரிபவை. இரண்டு முழக் கயிற்றில் நிற்கும் மாடு எங்கே போய் நடக்கும்? அசைபோடும் கணக்கு மட்டும் ஓரளவு உதவும். ஆனால் அசை குறைய வெயில், தீவன மாற்றம், காய்ச்சல் என்று ஆயிரம் காரணம் உண்டு.

எங்கள் பண்ணையில் வேலி போட்டு அவிழ்த்துவிட்டுத்தான் வளர்க்கிறோம், அதனால் பட்டை உழைக்கிறது. பெரும்பாலும் ராத்திரியில்தான் ஆப்பில் நடைக் கோடு ஏறும். பதினோரு மணிக்கு மேல் ஏறி விடிவதற்குள் இறங்கிவிடும் மாடுகள் உண்டு. காலையில் பால் பீய்ச்சப் போனால் அது ஒன்றும் அறியாததுபோல் தீவனம் தின்றுகொண்டிருக்கும், வாலைத் தூக்கிப் பார்த்தால்தான் கண்ணாடி மாதிரி வழும்பு பாதி காய்ந்து தொடையில் ஒட்டியிருப்பது தெரியும். பட்டை இல்லையென்றால் அந்தப் பருவம் போனதுதான், இன்னும் 21 நாள் வெறும் தீவனச் செலவு. காலையில் பருவம் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பட்டையின் உண்மையான லாபம் பருவம் எப்போது தொடங்கியது என்ற அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் சினை ஊசி போடுபவர் நீங்கள் கூப்பிட்ட நேரத்துக்கு வருவாரா? அவர் மறுநாள் மதியம்தான் வருவார் என்றால் ராத்திரி ஒரு மணிக்குப் போன் அடித்து என்ன பயன்.

இன்னொன்று, பருவம் சரியாகத் தெரிகிறது, ஊசியும் போடுகிறீர்கள், சினைதான் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. கர்ப்பப்பையில் புண்ணா, தாது உப்பு பற்றாக்குறையா என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது, எந்தப் பட்டையும் அதைத் தீர்க்காது.

என்னைக் கேட்டால் பருவத்தைவிட அசைபோடும் கோடுதான் பெரிய விஷயம், விற்பவர்கள் அதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நல்ல மாடு ஒரு நாளைக்கு 7 முதல் 9 மணி நேரம் அசைபோடும். கன்று ஈன்ற நாளில் இது சரியும், பிறகு நாளுக்கு நாள் ஏறி வர வேண்டும். ஏறாமல் கீழேயே கிடந்தால் ஏதோ இருக்கிறது: கீட்டோசிஸாக (கன்று ஈன்றபின் உடலில் சக்தி பற்றாமல் வரும் நோய்) இருக்கலாம், சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கலாம், மடிநோய் தொடங்கியிருக்கலாம். மாடு தீவனத்தை ஒதுக்குவதற்கு முன்பே கோடு காட்டிக்கொடுப்பது உண்டு. என்ன நோய் என்று சொல்லாது, எந்த மாட்டை இன்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லும்.

வெயில் எச்சரிக்கை என்று ஒன்று ஆப்பில் இருக்கும், அதை நம்பிப் பதற வேண்டாம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் போடும் குறியீடு 72-ஐத் தாண்டினால் மாட்டுக்குச் சிரமம் என்பது குளிர் நாட்டுக் கறவை மாடுகளை வைத்துப் போட்ட கணக்கு. 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தாலே கிட்டத்தட்ட 72 வந்துவிடும், 32 டிகிரியும் 70 சதவீதமும் என்றால் 84. நம் ஊரில் அந்தச் சிவப்பு விளக்கு அணையவே அணையாது! சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்ப ஈரப்பத மீட்டர் ஒன்றைக் கொட்டகையில் மாட்டி, அதைப் பார்த்து மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பானும் போட்டால் போதும்.

அப்புறம், காதில் போட்டிருக்கும் மஞ்சள் வில்லையைச் சென்சார் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது 12 இலக்க எண் அச்சிட்ட பிளாஸ்டிக் மட்டும்தான். தடுப்பூசி, சினை ஊசி விவரங்களை அந்த எண்ணை வைத்து அரசின் பாரத் பசுதன் தளத்தில் ஏற்றுவார்கள். தொலைந்த மாட்டை அது தேடித் தராது.

8 மாட்டுக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். காலையும் மாலையும் அரை மணி நேரம், முடிந்தால் ராத்திரி படுக்கப் போகும் முன் ஒருமுறை, எல்லா மாட்டையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். போனை நோண்டாமல். எது தாவுகிறது, எது தாவ விட்டு அசையாமல் நிற்கிறது என்பதைக் காலண்டரில் எழுதுங்கள், அசையாமல் நிற்பதுதான் பருவத்தில் இருப்பது. அங்கிருந்து 18-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை அந்த மாட்டின் மேல் கூடுதல் கண் வையுங்கள்.

மாடுகள் அவிழ்த்துவிட்டுத்தான் இருக்கின்றன, எண்ணிக்கையையும் கூட்டப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். பெங்களூருவின் ஸ்டெல்லாப்ஸ் மாதிரி நம் நாட்டு நிறுவனங்களும் இதில் இருக்கின்றன. கரண்ட் போனால் பட்டையே தகவலைச் சேமித்து வைக்குமா, பேட்டரி தீர்ந்தால் மாற்ற முடியுமா, பட்டையையே தூக்கிப் போட வேண்டுமா என்று கேளுங்கள். முக்கியமாக ஆண்டுச் சந்தா. எங்களுக்கு முதலில் விற்றவர்கள் சந்தா தாமதமானதும் பழைய பதிவுகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள், எங்கள் மாட்டின் கணக்கைப் பார்க்க நாங்களே பணம் கட்ட வேண்டியதாயிற்று. அதனால் தகவலை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எருமையும் இருந்தால் அதற்கு மட்டும் பட்டையை அதிகம் நம்ப வேண்டாம். எருமைக்கு ஊமைப் பருவம் சகஜம், கோடையில் இன்னும் மோசம். தாவலும் கத்தலும் குறைவு என்பதால் சென்சாருக்கும் பிடிபடுவது கஷ்டம்.