பக்கம் திருப்பினால் திரை கறுக்கிறதா? கருவியைக் கடையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் காரிமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் தொடுதிரை மின்னூல் கருவி ஒன்று வாங்கித் தந்து பத்து நாள் ஆகிறது. பக்கம் திருப்பினால் சில சமயம் திரை முழுக்கக் கறுத்து மீள்கிறது. முந்தைய பக்கத்து எழுத்து நிழல் மாதிரி நிற்கிறது. சில இரவுகளில் நான் தொடாமலே பக்கம் ஓடுகிறது. தர்மபுரியில் ஒரு செல்போன் கடையில் காட்டினேன். "டிஸ்ப்ளே போகப்போகுது, மாத்த நாலாயிரம் ஆகும்" என்றார். அதுவரை தாங்கட்டும் என்று 350 ரூபாய்க்கு ஒரு கண்ணாடியும் ஒட்டிவிட்டார். கருவியைக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் டீச்சர். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு கோளாறே இல்லை. மூன்றாவது அநேகமாக உங்கள் வீட்டு சார்ஜரின் வேலை.

முதலில் அந்தக் கறுப்பு. இது செல்போன் திரை அல்ல. உள்ளே முடியின் பருமனுக்கு இருக்கும் லட்சக்கணக்கான குமிழ்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் மாறியபின் துகள்கள் அப்படியே நிற்பதால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் தாங்குகிறது.

நீங்கள் முப்பது வருடம் கரும்பலகையோடு வாழ்ந்தவர், உங்களுக்குச் சொல்வது சுலபம். எழுதியதை டஸ்டரால் துடைத்தால் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும் இல்லையா? அதுதான் அந்த நிழல். நாலைந்து முறை துடைத்த பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டு ஈரத்துணி போடச் சொல்வீர்கள். பலகை ஒருமுறை கன்னங்கரேலென்று கறுத்துச் சுத்தமாகும். கருவி அவ்வப்போது தானே ஈரத்துணி போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நிழல் கண்ணை உறுத்தினால் செட்டிங்கில் 'பேஜ் ரிஃப்ரெஷ்' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் துடைக்கும். சார்ஜ் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

இனி, தொடாமல் பக்கம் ஓடுவது. பொதுவாக இதற்குக் காரணம் கட்டைவிரல். இந்தத் திரையில் இடது ஓரம் பட்டால் முந்தைய பக்கம், மற்ற இடமெல்லாம் அடுத்த பக்கம், மேலே தொட்டால் மெனு. புத்தகம் பிடிக்கிற மாதிரி விரலை உள்ளே வைத்துப் பிடித்தால் பக்கம் ஓடத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் 'சில இரவுகளில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைதான் எனக்கு உதைத்தது. இரவில் சார்ஜில் போட்டபடியே படிக்கிறீர்களா? தொடுதிரை என்பது விரல் பட்டதும் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தை மோப்பம் பிடிக்கும் சாதனம். பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க்கு விற்கிற சார்ஜர், மின்சாரத்தோடு இரைச்சலையும், அதாவது தாறுமாறான மின் துடிப்புகளையும், சேர்த்து அனுப்பும். திரை அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும். இன்றிரவே சோதித்துப் பாருங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் படியுங்கள். பக்கம் ஓடவில்லையா? ஒயரைச் சொருகுங்கள். மறுபடி ஓடுகிறதா? அப்படியானால் குற்றவாளி சார்ஜர். பிறகு நல்ல கம்பெனி சார்ஜர் ஒன்றை மகனிடம் வாங்கிச் சொருகிப் பாருங்கள். ஓட்டம் நின்றால் பழையதைக் குப்பையில் போடுங்கள், பேரனின் போனுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். நல்ல சார்ஜரிலும் ஓடுகிறது, கழற்றினாலும் ஓடுகிறது என்றால், பவர் பொத்தானை நாற்பது விநாடி அழுத்தி மறுதொடக்கம் செய்யுங்கள். அதன்பிறகும் ஓடினால் மட்டும் வாரண்டிக்குப் போகலாம்.

திரை உண்மையிலேயே போனால் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு மூலையில் கோடோ கறையோ விழுந்து, எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். உங்களுக்கு அப்படி இல்லை.

அந்தக் கடைக்காரர் பின்மூடியைத் திறந்திருந்தால் வாரண்டி அங்கேயே போயிருக்கும். வாரண்டியைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும். விற்கும்போது வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். கோளாறு என்றால் தர்மபுரியிலும் ஆள் இல்லை, கிருஷ்ணகிரியிலும் ஆள் இல்லை. போனில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, அப்புறம் கூரியரில் அனுப்பு. இந்த இடைவெளியில்தான் நாலாயிரம் கேட்கிறவர்கள் பிழைக்கிறார்கள். மகனிடமிருந்து பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து உங்களிடம் வரப்போவது இதுதான். "அஞ்சாயிரம் தமிழ் புக் ஏத்தித் தர்றேன், ஐநூறு குடுங்க" என்பார்கள். பாதி திருட்டுப் புத்தகம். மீதி, புத்தகத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். பெரிய தாளை ஆறு அங்குலத் திரையில் அடைத்தால் எழுத்து எறும்பு ஊர்வது போலிருக்கும்; எழுத்தளவைக் கூட்டவும் முடியாது. இன்னும் சில, பழைய எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். "தமிழ் ஃபாண்ட் போடணும்" என்று அதற்கும் தனியாக வாங்குவார்கள். எந்தக் கருவியிலும் எழுத்து சரியாகத் தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்று ஆணை போட்டது. இன்றும் ஏதாவது அலுவலகத்திலிருந்து வரும் கோப்பைத் திறந்தால் எனக்கு அதே கொட்டல்தான். யாரிடம் போய்ச் சொல்ல?

சங்க இலக்கியம் வேண்டுமென்றால், தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998-லிருந்து இலவசமாகத் தருகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம், பகிரலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் எழுத்தாளர்களே கொடுத்த புத்தகங்கள் 'ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்' தளத்தில் இருக்கின்றன. ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிக் கோப்பும் உண்டு. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு வருடத்துக்குப் படிக்க ஏற்றித் தந்துவிடுவார்.

கருவியில் புத்தகம் வாங்கும் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் எந்தக் கடையிலும் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கில் மகனின் வங்கி அட்டை இருக்கும். ஒரு தொடலில் புத்தகம் வாங்கிவிடலாம். தவறிப்போய் நீங்களே தொட்டுவிட்டால் பதற வேண்டாம், ரத்து செய்யும் பொத்தான் உடனே திரையிலேயே வரும்.

கடைசியாக, அந்த 350 ரூபாய்க் கண்ணாடி. காகிதம் மாதிரி மினுமினுப்பில்லாமல் இருப்பதற்காகத்தான் இந்தத் திரைக்கு இவ்வளவு விலை. அதன்மேல் கண்ணாடி ஒட்டினால் திண்ணை வெளிச்சத்தில் எழுத்துக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். கருவியை மேசையில் சமமாக வையுங்கள். மூலையில் நகத்தைக் கொடுத்து, மெதுவாக, ஒரே பக்கமாக உரியுங்கள். அவசரப்பட்டு நெம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு மெல்லியது.