ஏரி தெரிகிற வீடு வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட்காரர்கள். அடுத்த வருஷத்திலிருந்து எனக்கு கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் வேலை. மனைவி, ஒன்றாம் ஆண்டு போகப்போகிற மகன், அம்மா என்று நான்கு பேர். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அடுக்குமாடியில் ஏறமாட்டேன், மரமும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். புத்ராஜெயா, பூச்சோங், ராவாங், கோல குபு பாரு என்று சுற்றிப் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஏரி இருக்கிறது. எங்கே வாங்குவது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எல்லா இடத்திலும் ஏரி இருக்கிறது என்கிறீர்கள், சரி தம்பி, அது என்ன ஏரி என்று யாரிடமாவது கேட்டீர்களா? கோலாலம்பூரைச் சுற்றித் தெரிகிற நீர்நிலைகளில் பெரும்பாலானவை மனிதன் உண்டாக்கியவை. ஈயம் (டின், அதாவது வெள்ளீயம்) தோண்டிவிட்டு விட்டுப்போன குட்டையாக இருக்கும், இல்லை வெள்ளத்தைத் தாங்க வெட்டிய குளமாக இருக்கும், குடிதண்ணீர் அணையாக இருக்கும், அதுவும் இல்லை என்றால் அழகுக்காக ஆற்றை மறித்த நீர்த்தேக்கமாக இருக்கும். வீட்டு விளம்பரத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே படம், அதே மாலை வெயில், அதே நடைபாதை.

ஈயக்குட்டையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பார், பத்து காஜா பக்கம் நாம் பார்த்துப் பழகியதுதான், தலைநகரிலும் அதே கதை. தித்திவங்சா ஏரி, கிளானா ஜெயா ஏரிகள், சன்வே, செரி கெம்பாங்கான் மைன்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் ஈயம் எடுத்த இடங்கள். பூச்சோங்கிலும் அப்படி நிறைய உண்டு. அதனால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணைப் பாருங்கள். ஈயம் கழுவின மணல் ஒரு பக்கம், களிச்சேறு ஒரு பக்கம் என்று கொட்டி மூடிய நிலம் அது, சேறு எங்கே எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று மேலே நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஒழுங்காக பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற தூண்) அடித்த வீடு நிற்கும். வீட்டைச் சுற்றியுள்ள கால்வாய், கார் நிறுத்துகிற இடம், பின்பக்கம் பிறகு இழுத்துக் கட்டிய சமையலறை, இவற்றுக்குப் பெரும்பாலும் பைலிங் இருக்காது, அதனால் மெல்ல மெல்ல இறங்கும். வீடு பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் நின்று ஆகா என்று சொல்லிக்கொண்டிருக்காமல் பின்னால் போய், பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தைப் பாருங்கள், விரல் நுழைகிற வெடிப்பு இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறையை எட்டிப் பாருங்கள், அங்கே சாயம் அடித்திருக்க மாட்டார்கள்.

வெள்ளத் தடுப்புக் குளம் வேறு விவகாரம். மழைத் தண்ணீர் வந்து நிற்கட்டும் என்று வேண்டுமென்றே பள்ளத்தில் வெட்டுவது அது, அதன் கரையில் வீடு வாங்கினால் நீங்களும் பள்ளத்தில்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். இன்னொன்று, குளம் என்றைக்கும் குளமாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கோலாலம்பூரில் வெள்ளத் தடுப்புக் குளங்களின் நிலமே மேம்பாட்டுக்குக் கைமாறியதைத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே எழுப்பியிருக்கிறது. ஏரி தெரிகிறது என்று கூடுதலாகக் கொடுக்கிற காசு, நாளைக்கு எதிரே ஒரு கொண்டோ எழும்பினால் போச்சு.

புத்ராஜெயா ஏரி ஆற்றை மறித்துச் செய்தது, ஏறக்குறைய 400 ஹெக்டர், பராமரிப்பும் நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், அந்த நகரம் எழும்பிய இடம் பிராங் பெசார் தோட்டம். பால்மரம் வெட்டியவர்களுக்கு பிபி 86 என்ற ரப்பர் மர ரகம் தெரியுமே, அந்த 'பிபி' இந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கிருந்த நம் சனங்களை டிங்கில் பக்கம் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள், அந்தக் கதையைத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. உங்களுக்கு புத்ராஜெயாவில் சௌகரியம் ரயில். கேஎல்ஐஏ டிரான்சிட் நேராக கேஎல் சென்ட்ரல் போகும், ஆனால் தினசரிக்குக் கட்டணம் கடிக்கும். 2023 மார்ச்சில் எம்ஆர்டி ரயிலின் புத்ராஜெயா பாதை முழுவதும் திறந்துவிட்டது, மாதம் 50 வெள்ளி மை50 பயண அட்டையில் போய்விடலாம், என்ன, நேரம் கூடுதலாகப் பிடிக்கும், இடையில் மாறி ஏறவும் வேண்டும்.

கோல குபு பாரு எனக்குப் பிடித்த ஊர். 1883-ல் அணை உடைந்து பழைய ஊர் பாழானது, பிறகும் வெள்ளம் விடாமல் துரத்தியதால் மேட்டில் புது ஊரே கட்டிக்கொண்டார்கள், அதனால்தான் அத்தனை ஒழுங்கான தெருக்கள். ஆனால் நீங்கள் பார்த்த ஏரி மலைமேல் இருக்கிற சிலாங்கூர் ஆற்று அணை, குழாய்க்குப் போகிற தண்ணீர், அதன் கரையில் குடியிருப்பதெல்லாம் நடக்காது. ரயில் நிலையமும் ஊருக்கு வெளியே. ஓய்வுபெற்ற பிறகு யோசிக்கலாம், தினமும் வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவராது.

ஆக என் ஓட்டு ராவாங்குக்கு. கொமுட்டர் ரயில் நேராக கேஎல் சென்ட்ரல் வருகிறது, தமிழ்ப்பள்ளி உண்டு, கோயில் உண்டு, அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கும், தரைவீடும் புத்ராஜெயா அளவுக்கு விலை இல்லை. (லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894-லேயே தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த ஊர் அது, நாட்டிலேயே முதலில்!) நிலையத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் வீடு பாருங்கள். ஏரி அம்மா காலையில் நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும், வேலிக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நிலத்துறையில் கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) தேடிப் பார்த்துவிடுங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் நாம் வாங்க முடியாது, 99 ஆண்டுக் குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள், பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் தேவைப்படும். அப்புறம் அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை கொட்டி ஓய்ந்தவுடன் அந்தத் தெருவுக்கு ஒருமுறை போங்கள். முடிந்தால் முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

கேள்வி: ஏரிப் பக்கம் குடிபோனால் டெங்கி வரும் என்கிறாள் என் அக்காள். உண்மையா?
- வாசகி, பாகாவ்

பதில்: ஏரியில் ஏடிஸ் கொசு முட்டையிட ஆசைப்படாது. அதற்கு உங்கள் பூச்சட்டித் தட்டு, கூரைத் தண்ணீர்க் குழாய், மூடாத வாளி போதும். ஏரிக்கரையில் யாரோ குப்பை கொட்டி, அந்த டப்பாக்களில் மழைத் தண்ணீர் நின்றால் அது வேறு. அக்காளிடம் முதலில் அவர் வீட்டுப் பூச்சட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தாமானுக்குப் பின்னால் பழைய ஈயக்குட்டை. தீலாப்பியா நிறைய மாட்டுகிறது, சாப்பிடலாமா?
- வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: தூண்டில் போட்டுப் பொழுது போக்குங்கள், குழம்பு வைக்காதீர்கள். ஈயத்தாதுவோடு ஆர்சனிக் என்ற நஞ்சும் வெளியே வரும், அது அடிச்சேற்றில் தங்கும், தீலாப்பியா அடிச்சேற்றையும் மேய்கிற மீன். பிள்ளைகளைத் தனியாக அனுப்பவும் வேண்டாம், இந்தக் குட்டைகளில் கரையிலிருந்து இரண்டு அடி வைத்தாலே சில இடத்தில் ஆள் முழுகுகிற ஆழம்.