வாசகர் கேள்வி, அண்ணன் பதில்

கேள்வி: அண்ணே, பசங்க தோட்டத்து லயத்து வீட்டு முன்னாடி கிரிக்கெட் ஆட புது டென்னிஸ் பந்து டப்பா வாங்கிக் குடுத்தேன், தொறந்து ரெண்டு வாரத்துல பந்து எழும்பவே மாட்டேங்குது, ஏமாத்திட்டாங்களா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்ல தங்கச்சி, கடைக்காரர் மேல தப்பில்ல. ரெண்டு அரைக்கோள ரப்பர் ஓட்ட ஒட்டி, உள்ள காத்தை வெளிக்காத்த விட அழுத்தமா அடைச்சு, மேல கம்பளியும் நைலானும் கலந்த துணிய ஒட்டுறாங்க, ஆனா ரப்பர் வழியா காத்து மெதுவா கசிஞ்சிடும். டப்பாவுக்குள்ளயும் அழுத்தம் இருக்கு, அதான் தொறந்ததும் 'புஸ்'னு சத்தம். 254 சென்டிமீட்டர்லேர்ந்து போட்டா 135க்குக் கொறையாம எழும்பணும், உங்க பந்து முட்டிக்கே வராது போல!

அந்தக் காலத்துல உள்ள மயிரு, கம்பளி அடைச்சுத் தச்சாங்க. கித்தா, அதான் ரப்பர், வந்தப்புறம்தான் இந்தத் துள்ளல். பிரேசில் வித்துலேர்ந்து வந்த கன்னுங்கள 1877ல உங்க பக்கத்து கோலகங்சார்லதான் நட்டாங்க, பாட்டி ஒட்டுப்பால் உரிச்ச கதைய பசங்ககிட்ட சொல்லுங்க. முன்னாடி பந்து வெள்ளைதான், டிவில தெரியணும்னு 1972ல மஞ்சளும் வந்துச்சு, விம்பிள்டன் மட்டும் 1986 வரைக்கும் பிடிவாதம்.

செத்த பந்த தூக்கிப் போடாதீங்க, லயத்துக் கிரிக்கெட்டுக்கு அது போதும், ஜன்னலும் தப்பிக்கும்.