சின்ன வயதில் வாங்கிய மெடலால் நாற்பது வயதுக்கு மேல் என்ன பயன்? ஓட்ட நண்பர்கள் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடக் காலத்தில் விளையாட்டில் வாங்கிய பரிசு பிற்பாடு எதற்காவது உதவியதா? கூட்டமாகச் சேர்ந்து ஓடுகிறவர்களுக்கு அதில் அப்படி என்ன சந்தோஷம்? எனக்கு இரண்டும் ஒரே கதைதான், அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா. கேரளாதான், ஆனால் கடைவீதியில் நின்று காது கொடுத்தால் கோயமுத்தூர்ப் பேச்சுதான் கேட்கும். நான் படித்தது தமிழ் மீடியம். இப்போது மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் வாங்கியது ஒரே ஒரு மெடல்: சப் ஜில்லா மீட் என்கிற பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் 4×100 ரிலே, மூன்றாம் இடம். நான் மூன்றாவது ஆள். இரண்டாவதாக ஓடி வந்து என் கையில் குச்சியைக் கொடுத்தவன் இன்றைக்குத் தென்னந்தோப்புகளில் கள்ளு இறக்குகிறான்.

அந்த ரிலேவுக்காக மூன்று மாதம் ஒரு மூங்கில் துண்டை வைத்துப் பழகினோம். வருகிறவன் "கை!" என்று கத்த வேண்டும். போகிறவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பார்த்தால் வேகம் போய்விடும். முதல் மாதம் முழுக்கக் குச்சி கீழேதான் விழுந்தது. அப்புறம் ஒரு நாள் விழவில்லை, அதற்குப் பிறகு விழவே இல்லை. மெடலில் பூசியிருந்த மஞ்சள் எப்போதோ போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் சாயாக் கடையில் நான் தினத்தந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் பின்னாலிருந்து "கை" என்று மெதுவாகச் சொன்னால் போதும், என் கை தானாகப் பின்னால் போகும். கிளாஸை விளிம்பில் பிடித்து, சுடாதபடி உள்ளங்கையில் வைப்பான். இதற்கு என்ன பயன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அது இல்லாத ஒரு காலையை நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் கூட்டம் ஐந்து பேர். நாங்கள் இரண்டு பேர், கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, பஸ் டிரைவர் ஒருவர், எங்கள் பழைய டிரில் மாஷ் (எங்கள் பக்கம் வாத்தியாரை மாஷ் என்போம்). மாஷுக்கு ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவர் ஓடுவதில்லை, சைக்கிளில் பக்கத்திலேயே வருவார். விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கனால் கரையில் கூடுவோம். மூலத்தறையிலிருந்து வரும் வலதுகரைக் கால்வாய் அது. கரை மண் பாதை, முழங்காலுக்கு நல்லது. தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் அந்தச் சத்தம் கூடவே வரும். கள்ளு இறக்குகிறவன் முதல் மரம் ஏறுமுன் ஓட்டத்தை முடித்தாக வேண்டும், டிரைவர் டிப்போவில் கையெழுத்துப் போட வேண்டும், அக்கா ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் எங்களில் யாரும் தாமதமாக வருவதில்லை.

ஓட்டம் முடிந்தால் பால் சொசைட்டிக்கு எதிரே சாயா. கறந்து ஒரு மணி நேரம் ஆகாத பால், அதில் அடித்த சாயா. எட்டுக் கிலோமீட்டர் ஓடிய வயிற்றில் அது இறங்கும்போது ஒரு ஐந்து நிமிஷம் யாரும் பேச மாட்டோம். மாங்காய்க் காலத்தில் டிரைவர் முதலமடைப் பக்கமிருந்து ஒரு பை கொண்டுவருவார். கோடையில் நுங்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு நீண்ட ஓட்டம், அது இராமசேரியில் போய் முடியும்.

இராமசேரி இட்லி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எலப்புள்ளிக்குப் பக்கத்துச் சிற்றூர். தமிழ் பேசும் முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இட்லி ஊற்றுகிறார்கள். தட்டு கிடையாது. மண் வளையத்தில் நூலால் வலை மாதிரி கட்டி, அதன்மேல் ஈரத்துணி விரித்து, மாவை ஊற்றி, பானை வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேகவைப்பார்கள். விறகடுப்புதான். இட்லி தட்டையாக, கொஞ்சம் பெரிதாக, துணியின் இழை பதிந்து வரும். பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துத் தொட்டுக்கொண்டால், வியர்வை காயாத சட்டையோடு நான் ஆறு சாப்பிடுவேன். அக்கா எட்டு. திரும்பி வருவது பஸ்ஸில், ஆளுக்கொரு ஜன்னல்.

சரி, சாதனை விஷயத்துக்கு வருகிறேன்.

பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டம் என்பது தூரத்து விஷயம் இல்லை. முண்டூரைச் சேர்ந்த, கூலி வேலை செய்கிறவர்களின் மகளான பி.யு. சித்ரா 2017இல் புவனேஸ்வரிலும் 2019இல் தோஹாவிலும் ஆசிய சாம்பியன்ஷிப் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். பறளி பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து போன முகமது அஃப்சல் 2023 ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி. நீளம் தாண்டும் ஸ்ரீசங்கர் 2022 காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி. அவருடைய அப்பா, அம்மா இருவருமே தடகளக்காரர்கள். மாநிலப் பள்ளி மீட்டில் 2019, 2022, 2023 என்று எங்கள் ஜில்லாதான் சாம்பியன், நடுவில் இரண்டு வருஷம் கொரோனாவால் மீட்டே நடக்கவில்லை. இந்தப் பெயர்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களின் பெயர்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், அந்த மைதானத்தைத் தொட்டுவிட்டு வரலாம். இந்தக் கிட்டம்தான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

கள்ளு இறக்குகிறவனுக்கு ஒரு மகள். நாங்கள் எல்லோருமே அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, நானும் வரட்டுமா மாமா என்று என்னிடம்தான் முதலில் கேட்டாள். அப்பனிடம் கேட்கப் பயம். அவனோ மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து கம்பங்கூழ் கரைத்து வைத்திருந்தான். அக்கா அவளைக் கூட்டிப்போய் ரத்தம் டெஸ்ட் பண்ணி, இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஷூ டிரைவருடைய செலவு. மாஷ் நோட்டுப்புத்தகத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார்.

அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டருக்கு மலை விட்டுப்போன இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். ஆடியில் மேற்கேயிருந்து பொள்ளாச்சிப் பக்கம் ஓடுகிற காற்று, கார்த்திகை பிறந்தால் கிழக்கேயிருந்து திரும்பி வரும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். உதடு வெடிக்கும், பனை ஓலை ராத்திரி முழுக்கத் தூங்க விடாது. எதிர்க்காற்றில் முன்னால் ஓடுகிறவருக்குத்தான் முழு அடி, ஒரு எட்டு பின்னால் ஒட்டி ஓடுகிறவருக்குப் பாதிகூட இல்லை. "முன்னால போகாத அம்மிணி, யாரு முதுகுலயாச்சும் ஒட்டிக்க. காத்து முதுகுக்கு வந்தப்புறம் வெளிய வா கண்ணு" என்று மாஷ் சைக்கிளிலிருந்து கத்துவார். நாங்கள் நான்கு பேரும் முறை வைத்து அவளுக்கு முன்னால் ஓடுவோம். நாற்பது தாண்டிய முதுகுகள் நான்கு, அவற்றுக்குப் பின்னால் ஒரு பதினாலு வயது மூச்சு. அந்த மூச்சு சீராக வருகிறதா என்று காதாலேயே தெரிந்துகொள்வோம். எனக்கு இந்த வயதில் கிடைத்த சந்தோஷங்களில் அதுதான் மேலானது.

இன்னொன்று அவளே கண்டுபிடித்தது. அவள் ஓடுவது 3000 மீட்டர், அதாவது மைதானத்தை ஏழரைச் சுற்று. முதல் அரைச் சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியதும் கணக்கு ஆரம்பம். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் ஒரு விரலை மடக்குவாள். இடது கை முடிந்தால் இன்னும் இரண்டு சுற்று. வலது கைக் கட்டைவிரல் மடங்கும்போது மணி அடிப்பார்கள், கடைசிச் சுற்று. விரலை மடக்கி வைத்தால் தோள் இறுகும் என்று மாஷ் தடுத்துப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

அப்படித்தான் ஒரு மீட். எந்த மீட் என்பது வேண்டாம். மணி அடித்தவரும் காலையிலிருந்து வெயிலில் நின்ற மனுஷன்தான். நாங்கள் ஐந்து பேரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். அன்றைக்கு அவள் அப்பன் மரம் ஏறவில்லை, கூலியை விட்டுவிட்டு வந்திருந்தான். அம்மிணி நான்காவதாக, ஒரு உயரமான பெண்ணின் முதுகில் ஒட்டி வந்துகொண்டிருந்தாள். இடது கை முழுக்க மடங்கியது. அப்போது மணி அடித்துவிட்டார்கள்.

ஒரு சுற்று முன்னதாக.

முன்னால் இருந்த மூன்று பேரும் மணியைக் கேட்டதும் பறந்தார்கள். வேலிக்கு வெளியே எங்களுக்கே குழப்பம், மாஷ் நோட்டைப் புரட்டினார். அம்மிணி மட்டும் வேகத்தைக் கூட்டவில்லை. தன் இடது கையை ஒரு தடவை பார்த்தாள். என் நண்பன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "போ சாமி, போ" என்று கத்தினான், அவள் திரும்பவே இல்லை. இருபது, முப்பது மீட்டர் பின்தங்கினாள். அந்த மூன்று பேரும் கோட்டுக்கு வந்து கைகளைத் தூக்கியபோதுதான், இன்னும் ஒரு சுற்று இருக்கிறது, ஓடுங்கள் என்று மலையாளத்தில் கத்தினார்கள். ஒருத்தி எப்படியோ மறுபடி ஓடினாள், முதலாவதாகவும் வந்தாள். அம்மிணி கட்டைவிரலை மடக்கிவிட்டு அப்போதுதான் வேகம் எடுத்து, இரண்டாவதாக வந்தாள். அந்த உயரமான பெண் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது.

புகார் கொடுத்தார்கள். முடிவு மாறவில்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. எங்கள் பெண் கணக்கைத் தவறவிடவில்லை, அவள் வாங்கியது அவளுடையதுதான். ஆனாலும் அந்தப் பெண் அத்தனை நேரமும் முன்னால் ஓடிக் காற்றைத் தாங்கியவள், அம்மிணி அவள் முதுகில்தான் ஒட்டிக்கொண்டு வந்தாள். பரிசு வாங்கிக்கொண்டு வந்த அம்மிணி எங்களிடம் வரவில்லை. மைதானத்தின் அந்த மூலைக்குப் போய், உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்புறம் அக்கா குளுக்கோஸ் கரைத்து எடுத்துக்கொண்டு போனார். நம்பர் வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஞாயிறு அந்தப் பெண் அவள் அப்பாவோடு முதல் பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இறங்கினாள். அவர் ஆசாரி வேலை செய்கிறவர், ஓட்டம் அவருக்குப் பழக்கமில்லை. மாஷ் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது, கனால் தண்ணீரே பின்னோக்கிப் போகிற மாதிரி அலை அடித்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: ஒவ்வொரு மடைக்கும் முன்னால் ஓடுகிறவள் மாற வேண்டும், ஏழாவது மடையில் நிறுத்தம். மடையைத் தாண்டும்போது சத்தமாக எண்ண வேண்டும். இவள் தமிழில் எண்ணினாள், அவள் மலையாளத்தில். ஒண்ணு, ஒந்நு. மூணு, மூந்நு. நாலில் இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்குப் பிறகு பிரியவில்லை.

நாங்கள் நல்ல தூரம் பின்தங்கிவிட்டோம். காற்று எதிரே இருந்ததால் குரல் மட்டும் தெளிவாக வந்தது. ஏழு என்று கேட்டதும் கள்ளு இறக்குகிறவன் நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு ரெண்டு சாயா சேத்துச் சொல்லோணும்" என்றான்.