வாசகர் கேள்விகள்: இருவர் விலகிய பிறகு வளர்ந்த இசைக்குழு

கேள்வி: 'தி ஹியூமன் லீக்' என்ற பிரிட்டிஷ் மின்னணு இசைக்குழுவிலிருந்து இசையமைத்த இருவரும் 1980இல் விலகிவிட்டார்கள் என்றும், அதன் பிறகே அக்குழு உலகப் புகழ் பெற்றது என்றும் படித்தேன். இசை அறிந்தவர்கள் போன பின் ஓர் இசைக்குழு வளர்ந்தது எப்படி?

பதில்: எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரில், கணிப்பொறிகளை இயக்கும் பணியிலிருந்த மார்ட்டின் வேர், இயன் கிரேக் மார்ஷ் இருவரும் 1977இல் இக்குழுவைத் தொடங்கினார்கள். பாடகராக அவர்கள் அழைத்த பிலிப் ஓக்கி, மருத்துவமனை ஊழியர். கிட்டாரும் டிரம்ஸும் இன்றி, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்களை மட்டுமே நம்பி 1978இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு 'பீயிங் பாய்ல்ட்'. பட்டுப்புழுக்களைக் கொதிநீரில் இடும் கொடுமையைப் பாடும் அப்பாடல், புத்தரின் குரலுக்குச் செவிசாய்க்கச் சொல்லித் தொடங்குகிறது. பாப் இசையில் இது அபூர்வமான தொடக்கம்தான். அடுத்து வந்த இரண்டு இசைத்தொகுப்புகளுக்கும் மதிப்பு கிடைத்த அளவுக்கு விற்பனை கிடைக்கவில்லை.

பிரிவின்போது குழுவின் பெயர் ஓக்கிக்குக் கிடைத்தது. அத்துடன் கடனும், சில நாள்களிலேயே தொடங்கவிருந்த ஐரோப்பியச் சுற்றுப்பயணமும் அவர் தலையில் விழுந்தன. அவருடன் எஞ்சியிருந்தவர், மேடையில் ஒளிப்படங்களைத் திரையிட்டுவந்த ஏட்ரியன் ரைட் ஒருவரே. ஷெஃபீல்டின் ஓர் இரவு விடுதியில் ஆடிக்கொண்டிருந்த ஜோன் கேத்தரால், சூசன் ஆன் சல்லி என்ற இரு பள்ளி மாணவிகளை ஓக்கி குழுவில் சேர்த்துக்கொண்டபோது, அது வெறும் விளையாட்டாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

உங்கள் கேள்விக்கு விடை, தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட்டின் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்தின் உயரத்தையும் நீளத்தையும் எண்களாக உள்ளிட்டால் அவற்றைச் சிந்தசைசரில் துல்லியமாக இசைக்கவைக்கும் ரோலண்ட் எம்சி-8 கருவியும், உண்மையான டிரம்ஸின் ஒலிகளைப் பதிந்துவைத்துத் தாளமாக்கித் தரும் லின் டிரம் மெஷினும் அங்கே இருந்தன. வாசிக்கும் விரல்களின் வேலையைப் பொறிகள் எடுத்துக்கொண்டதால், நல்ல மெட்டும், எது தேவை எது வேண்டாம் என்று தெரிந்த காதும், பொறுமையுமே முக்கியமாயின. மெட்டுக்குக் குறைவில்லை, கிட்டார் குழுவொன்றிலிருந்து வந்த ஜோ காலிஸ் அதற்குப் பெரிதும் துணைநின்றார். 1981 அக்டோபரில் வெளியான 'டேர்' இசைத்தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் கடைசிப் பாடலான 'டோன்ட் யூ வான்ட் மீ' தனி இசைத்தட்டாக வருவதை ஓக்கி விரும்பவில்லை, ஆனால் இசைத்தட்டு நிறுவனம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அது பிரிட்டனில் ஐந்து வாரமும், 1982இல் அமெரிக்காவில் மூன்று வாரமும் முதலிடத்தில் நின்றது. ஓக்கி மிகச் சிறந்த பாடகர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கனத்த குரலுக்கு எதிரே சல்லியின் பயிற்சியற்ற குரல் மறுமொழி சொல்வதுதான் பாட்டின் உயிர். தேர்ந்த பாடகி ஒருவர் பாடியிருந்தால் அது கெட்டிருக்கும்.

கேள்வி: விலகிய இருவரும் என்ன ஆனார்கள்?

பதில்: அவர்கள் தொடங்கிய 'ஹெவன் 17' குழுவின் 'டெம்ப்டேஷன்' 1983இல் பிரிட்டனில் இரண்டாமிடம் வரை ஏறியது. பெயரை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, ஹியூமன் லீக்கின் அடுத்த தொகுப்பின் உரிமத்தொகையில் 1 சதவீதம் அவர்களுக்குச் சேரும் என்பது பிரிவின்போது செய்துகொண்ட ஏற்பாடு. அந்த அடுத்த தொகுப்புதான் 'டேர்'.